அண்ணனுக்குத் தம்பி எடுத்த நீர்மாலை

என் வீட்டுக்காரர் ஜூரியில் உட்கார ஆசைப்பட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது விளங்கும். பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்கு அரிசி, பருப்பு, மிளகாய்க் கடை. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. அதற்கு இப்பால் எல்லாம் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். பெரிய கோர்ட்டு நீதிபதி, ஒரு வெள்ளைக்காரத் துரை, எப்போதாவது அந்த வழியாக வந்து இறங்கினால் ஊரே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். கூண்டில் நிற்பவன் தமிழன் என்றால், தமிழ் பேசும் ஜூரி ஏழு பேரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்காக வசதியுள்ள கடைக்காரர்களின் பெயர்களைச் சீட்டெழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த முறை இவர் பெயரும் பெட்டிக்குள் போயிருந்தது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தையற்காரரைக் கூப்பிட்டுக் கறுப்புக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்தார். இன்றைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டால், "நீயே பாத்துச் செய்யி" என்று நழுவுகிறவர், ஒருத்தன் சாவதா வாழ்வதா என்று தீர்த்துச் சொல்லப் போகிறாராம். நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பேசாத நாட்களில்தான் அவள் வந்தாள். நல்ல மழை. கடை முன் தாழ்வாரத்தில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளை குந்தியிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஹாலிஎல வழியாக நடந்தே வந்திருந்தாள்.

"பெரிய கோர்ட்டு எந்தப் பக்கங்க, மொதலாளியம்மா?"

"அது தொறக்க இன்னும் நாள் கெடக்கே."

"தெரியுங்க. பிந்திப் போனா என்னையும் புடிச்சு உள்ள போட்ருவாங்கன்னு கங்காணி சொன்னாரு. அதான் முந்தியே வந்துட்டேன்."

"என்ன வழக்கு?"

"எம் புள்ளைங்க வழக்குங்க."

"ரெண்டு பேர் மேலயுமா?"

"இல்லைங்க. சின்னவன் மேலதான். சின்னவன் அடிச்சதுல பெரியவன் போயிட்டான்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் வாய் அடைவது லேசில் நடக்கிற காரியமில்லை என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் கொட்டகையில் அவளுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தேன். சமையல்கட்டுக்குள் வா என்றால் வரமாட்டாள். வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். சும்மா சாப்பிடவும் மாட்டாள். அரிசியில் கல் பொறுக்கினாள், மிளகாய்க்குக் காம்பு கிள்ளினாள், கேட்காமலே கொல்லையைக் கூட்டினாள். இரண்டாம் நாளே என் சமையலுக்கு மார்க்குப் போடத் தொடங்கிவிட்டாள்.

"இது ரசமா தாயி, புளித்தண்ணியா?"

மொதலாளியம்மா தாயி ஆனது அந்த ரசத்தில்தான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னபடி மிளகைக் கொஞ்சம் கூடத் தட்டிப் போட்டதில் ரசம் ரசமாகத்தான் இருந்தது. அந்தச் சில நாட்களில் அவளோடு எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. பிறந்த வீட்டைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவள் நான். என்னைத் திட்டிச் சோறு தின்ன வைக்க இந்த ஊரில் அதுவரை ஆளில்லை.

அவள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற விதந்தான் கேட்கச் சங்கடமாக இருக்கும். இருவரையும் ஒரே மூச்சில் பேசுவாள். பெரியவனுக்குக் கருவாடு ஒரு துண்டு போதும், தட்டு காலியாகிவிடும். சின்னவன் எதையும் நோண்டிக்கொண்டே இருப்பான். பெரியவனுக்குப் பாட்டு வரும், சின்னவனுக்குப் பேச்சே வராது. தகப்பன் இவர்களின் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போனபோது, பெரியவன்தான் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துத் தம்பிக்குச் சோறு போட்டானாம். செத்தவன் என்றோ கூண்டில் நிற்பவன் என்றோ ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. பெரியவன், சின்னவன், அவ்வளவுதான்.

நடந்ததை ஒரு மத்தியான வேளையில், மிளகாய் கிள்ளிக்கொண்டே சொன்னாள். சம்பள நாள். விடாத மழை, குளிர். பெரியவன் நன்றாகக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். இன்னும் குடிக்கக் கையில் காசில்லை. தாய் போர்த்தியிருந்த கம்பளியைக் கொண்டுபோய்ச் சாராயக் கடையில் அடகு வைக்கப் போகிறேன் என்று பிடித்து இழுத்திருக்கிறான். அவள் விடவில்லை. ஒரு தள்ளு தள்ளினான். அடுப்போரமாக விழுந்தாள். சோறு தின்றுகொண்டிருந்த சின்னவன் எழுந்து, அடுப்பிலிருந்து ஒரு விறகுக்கட்டையை உருவி அடித்தான்.

"ஒரே அடி தாயி. பெரியவன் உக்காந்தான். உக்காந்தவன் அப்பிடியே சாஞ்சுட்டான். சின்னவன் 'அண்ணே, அண்ணே'ன்னு மடியில போட்டுக்கிட்டு உலுக்குறான். எந்திரிக்கவே இல்ல."

சொல்லி முடித்துவிட்டு, கிள்ளிய மிளகாயைத் தட்டில் பரப்பினாள். "இத உன்கிட்டதான் சொல்றேன். கோர்ட்டுல சொல்ல மாட்டேன்" என்றாள்.

இந்த வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டதோடு சரி. சின்னவனுக்காக வாதாடக் கோர்ட்டார் ஒரு அப்புக்காத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த இளவயதுக்காரர். அவரை எங்கள் கொட்டகைக்கே வரவழைத்து, அவள் என்னிடம் சொன்னதை அவர் காதில் போட்டேன். என் வீட்டுக்காரர் கடை முகப்பில் உட்கார்ந்தபடி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். "என் காதுல ஒண்ணும் விழக்கூடாது. நான் ஜூரி" என்றார். காதை அடைத்துக்கொண்டிருந்ததால் மிளகாய் கேட்டு வந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள்.

அப்புக்காத்து பொறுமையாகச் சொன்னார். கொலை என்று ஜூரி சொன்னால் தூக்குத்தான், அதில் நீதிபதிக்கே வேறு வழி கிடையாது. கொலையாகாத உயிர்ச்சேதம் என்று சொன்னால் சிறை. ஆனால் அந்தச் சிறைக்கு இத்தனை வருஷம் என்று சட்டத்தில் ஒரே அளவு இல்லை. இதற்கு மேல் போகக்கூடாது என்று ஓர் எல்லை மட்டும் உண்டு. அதற்குள் எத்தனை என்பது நீதிபதியின் மனசு.

"அந்த மனசு எதப் பாத்துங்க அளக்கும்?" என்று நான்தான் கேட்டேன்.

"கட்டையத் தேடிப் போனானா, கைக்குக் கெடச்சதா? ஒரு அடியா, பல அடியா? அடிச்ச பிறகு என்ன செஞ்சான்? எல்லாத்துக்கும் மேல, அவ்வளவு கோவம் வர என்ன காரணம்? தாயத் தள்ளிவிட்டதப் பாத்து அடிச்சான்னா எந்த நீதிபதியும் கொஞ்சம் இறங்குவார். பையன் வாயே தொறக்க மாட்டேங்கிறான். அதச் சொல்ல வேண்டியது நீங்கதான் அம்மா."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எனக்கு இழுப்பு இருக்குங்க சாமி. அஞ்சு வருசம்னா இழுத்துப் புடிச்சுக் கெடந்து அவன் மொகத்தப் பாத்துருவேன். பத்துன்னா என்னால ஆகாதுங்க."

"அப்ப நடந்ததச் சொல்லுங்க."

"அது மட்டும் ஆகாதுங்க."

அவர் போன பிறகு நான் விட்டேனா? அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவளைக் குடைந்தேன். இல்லாததை இட்டுக்கட்டியா சொல்லச் சொல்கிறோம், நடந்ததைத்தானே என்றேன். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பார் என்றேன். உனக்குக் கல்நெஞ்சு என்றுகூடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"பெரியவன் இருந்தா அவன் பக்கத்து நாயத்த அவனே சொல்லுவான். அவன் இல்லாத எடத்துல, பெத்தவ நானே போயி, குடிகாரன், தாயத் தள்ளுனவன்னு ஊர் முன்னால சொன்னா, பெறகு அவனுக்கு அதுதான தாயி பேரா நிக்கும்? சின்னவனுக்கு வாய் இருக்கு. பெரியவனுக்கு ஆருமில்ல."

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் என்னைப் போன்றவளுக்குக் கோபந்தான் வரும். அடுப்பங்கரையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

கோர்ட்டு திறந்த நாளில் கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். கடைக்காரர் வீட்டுப் பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை. போனால் என்ன செய்துவிடுவார்கள் பார்க்கலாம் என்றுதான் போனேன். பெட்டியைக் குலுக்கிச் சீட்டெடுத்தார்கள். மூன்றாவது பெயர் இவருடையது. புதுக் கோட்டு மொடமொடக்க எழுந்து நின்றார். நின்றவர் உட்காரவில்லை. என்ன என்று நீதிபதி பார்த்தார்.

"தொரையவங்க மன்னிக்கணும். இந்தப் பையனோட தாய் ஒரு வாரத்துக்கு மேல எங்க வீட்டுச் சோறு திங்குது. நான் இதுல உக்காந்தா சரியா இருக்காதுங்க."

அந்த இடத்தில் என் வீட்டுக்காரரை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இப்போது சொன்னாலும் வெட்கமாக இருக்கிறது. காதை அடைத்துக்கொண்டு கிடந்த மனிதர், ஆசைப்பட்ட நாற்காலியைத் தாமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் முந்தானையைக் கொடுத்தேன், வாங்கித் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக வேறொரு பெயரை எடுத்தார்கள். எங்கள் தெருக் கருவாட்டுக் கடைக்காரர் அந்த ஏழு பேருக்கும் தலைவரானார்.

கூண்டில் நின்ற சின்னவனை அப்போதுதான் பார்த்தேன். நோஞ்சான். தாயைப் பார்க்காமல் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். மண்டையில் ஒரே காயம் என்று டாக்டர் சொன்னார். அடுத்து வந்த பொலிஸ்காரர் சொன்னதுதான் எங்களைக் கலக்கிற்று. ஊர்த் தலைவரான ஆராச்சியும் தாமும் போவதற்குள் காம்பராத் தரை சாணம் போட்டு மெழுகப்பட்டிருந்தது என்றார். பிணம் குளிப்பாட்டப்பட்டிருந்தது. இரத்தம் என்று ஒரு துளி இல்லை. தோட்டத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தவன் வேறு யாருமல்ல, கூண்டில் நிற்கும் இவனே. அரசாங்கத் தரப்பு வக்கீல் எழுந்து, அண்ணனைக் கொன்றுவிட்டு நிதானமாகத் தண்ணீர் கொண்டுவந்து தடயத்தைக் கழுவியவன் இவன் என்று ஜூரியைப் பார்த்துச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது எனக்கே கொடூரமாகத்தான் கேட்டது.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தாள். அடித்தது சின்னவன்தான் என்றாள். அப்புக்காத்து எழுந்து நின்று கேட்டார்.

"ஒங்க பெரிய மகன் அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

"இல்லைங்க."

"ஒங்க கம்பளியப் புடிச்சு இழுத்தாரா?"

"கம்பளி அவனுதுங்க. அவன்தான் வாங்கிக் குடுத்தான்."

"ஒங்களத் தள்ளிவிட்டாரா?"

"மழ நாளுங்க. தரையெல்லாம் ஈரம். வழுக்கி விழுந்தேன்."

என் வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு எழுந்து நின்று கத்தலாம்போல் வந்தது. அப்புக்காத்து உட்கார்ந்துவிட்டார். சின்னவன் பக்கம் இருந்த ஒரே பெரிய எடைக்கல்லையும் அவள் தராசிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

அரசாங்க வக்கீல் விடவில்லை. "அப்படியென்றால் எதற்காக அடித்தான்?"

"அதத்தாங்க நானும் அவனக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"தண்ணீர் எடுத்துவரப் போனது இவன்தானே?"

"ஆமாங்க. நான்தான் போகச் சொன்னேன்."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். இந்த இடத்தில்தான் ஜூரிப் பெட்டியில் ஒரு சலசலப்பு. கருவாட்டுக் கடைக்காரர் இருப்புக் கொள்ளாமல் நெளிந்தார், பக்கத்து ஆளிடம் குனிந்து பேசினார். என்ன வேண்டும் என்று நீதிபதி கேட்டார். இந்த அம்மாவிடம் ஒரு கேள்வி என்றார் கருவாட்டுக்காரர். கேட்கலாம் என்று உத்தரவு வந்தது.

"தண்ணி எடுக்க இவன் தனியாவா போனான்?"

அவள் கொஞ்சம் திகைத்தாள். இதைக்கூடத் தெரியாத மனிதர்களா என்று நினைத்திருப்பாள். "தனியாப் போவாங்களாங்க? லயத்துச் சனம் பூராப் போச்சு. பீலியில தலை முழுகிட்டு, ஈர வேட்டியோட புதுக்குடத்துல மொண்டு தலையில வச்சுக்கிட்டு வந்தான். நாலு பேரு மேல வேட்டிய விரிச்சுப் புடிச்சுக்கிட்டாங்க. முன்னால தப்பு மேளம் அடிச்சுக்கிட்டு வந்தாங்க. நீர்மாலைன்னா அப்பிடித்தானுங்களே?"

ஏழு தலையும் ஒன்றாக ஆடின. அவர்கள் எல்லாரும் கடலுக்கு அக்கரையில் சொந்த ஊரில் தகப்பனுக்கோ தமையனுக்கோ அப்படி நீர் சுமந்தவர்கள். வீட்டில் ஒருவர் இறந்தால், பிள்ளையோ தம்பியோ போய்த் தண்ணீர் மொண்டு வந்து உடலைக் குளிப்பாட்டுவது எங்கள் ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து பழகிப்போன காரியம். பொலிஸ் வரும்வரை பிணத்தைத் தொடக்கூடாது என்று அந்த லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரத்தத்தோடு போட்டு வைப்பதுதான் அவர்களுக்குப் பாவமாகத் தோன்றியது. மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் இங்கிலீசில் சொல்ல வெகுநேரம் பிடித்தது. கேட்டுக்கொண்டிருந்த நீதிபதி எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"தப்பு எவ்வளவு தூரம் கேட்கும்?" என்று கேட்டார்.

"தோட்டத்துத் தொரை பங்களா வரைக்கும் கேக்குங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. தடயத்தை அழிக்கப் போகிறவன் முன்னால் மேளத்தை விட்டுக்கொண்டு போகமாட்டான் என்பது அந்த வெள்ளைக்காரருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அவருக்கு விளங்காதது இன்னொன்று இருந்தது.

"உன் மகனைக் கொன்ற கையாலேயே அவனைக் குளிப்பாட்ட விட்டாயா?"

"வேற ஆருங்க இருக்கா? அண்ணனுக்குத் தம்பிதானுங்களே எடுக்கணும்."

சின்னவன் அதுவரை கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கூண்டுக் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு விம்மினான். பொலிஸ்காரர் அவனை நிமிரச் சொல்லவில்லை.

ஜூரி உள்ளே போய்ச் சீக்கிரமே திரும்பிற்று. கொலை இல்லை, கொலையாகாத உயிர்ச்சேதம். இரக்கம் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம் என்றார் கருவாட்டுக்காரர். எந்தக் காரணத்துக்காக என்றார் நீதிபதி. அவர், "நீர்மாலை எடுத்தவனுங்க" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீதிபதி நிதானமாகத்தான் தீர்ப்புச் சொன்னார். கோபத்துக்குக் காரணம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்றார். தலையில் கட்டையால் அடித்தால் உயிர் போகக்கூடும் என்று யாருக்கும் தெரியும், ஆகவே சும்மா விட முடியாது. ஆனால் தேடி எடுத்த ஆயுதமில்லை, ஒரே அடி, ஓடவில்லை, ஒளிக்கவில்லை. அடித்த பின் அவன் செய்தது அண்ணனுக்குச் செய்ய வேண்டிய கடமை. நான்கு வருஷக் கடுங்காவல்.

அந்த நான்கு வருஷமும் அவள் இருந்தாள், கவலைப்பட வேண்டாம். இழுப்போடுதான் இருந்தாள். அவன் வெளியே வந்த அன்று இருவரும் எங்கள் கொட்டகையில்தான் சாப்பிட்டார்கள். அவன் சோற்றை நோண்டிக்கொண்டே இருந்தான், அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் பரிமாறிக்கொண்டே அழுதேன்.

ஆனால் என் மனசில் நிற்பது தீர்ப்புச் சொன்ன அந்த நாள்தான். மொழிபெயர்ப்பாளர் மளமளவென்று சொன்னதில் அவளுக்குப் பாதிகூடக் காதில் ஏறவில்லை. சின்னவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோர்ட்டுப் படியில் நாங்கள் மூவரும் நின்றோம். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "நாலு வருசம்! நாலுதான்! பாத்துருவ நீ!" என்று கத்தினேன். நான் இவ்வளவு கூத்தாடியும் அவள் முகம் தெளியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியம்போலக் கேட்டாள்.

"தொரை பேசும்போது பெரியவனப் பத்தி ஏதும் தப்பாச் சொன்னாரா தாயி?"

"இல்ல. ஒரு வார்த்தகூடச் சொல்லல."

"எழுதிக்கிட்டாங்களே, அதுல?"

என் வீட்டுக்காரர் சொன்னார்: "அதுலயும் ஒண்ணுமில்ல அம்மா. நீங்க சொன்னதத்தான் எழுதிருக்காங்க."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்:

"அப்ப எம் புள்ளைங்க ரெண்டு பேரும் தப்பிச்சுக்கிட்டானுங்க தாயி."